மன்னார்க் கரையில் கல்லும் உழைப்பும்

கட்டடக்கலை வரலாறு எழுதுவோர் கல்லைப் பொதுவாக அழகியலின் மூலப்பொருளாகவே நோக்குவர். அது எங்கிருந்து வந்தது, எவருடைய உழைப்பால் வந்தது என்னும் வினாக்கள் அவர்களுக்கு இரண்டாம்பட்சமானவை. ஆனால் வன்மையான கல் அரிதாகவுள்ள ஒரு பிரதேசத்தின் வரலாற்றை ஆராயும்போது இவ்வினாக்களைத் தவிர்க்க இயலாது.

மன்னார்த் தீவு பெரும்பாலும் மணற்பாங்கானது. எதிரேயுள்ள பெருநிலக் கரையோ புத்தளம் முதல் யாழ்ப்பாணம் வரை நீளும் மயோசீன் காலச் சுண்ணக்கற் படிவத்தைச் சார்ந்தது. கடலோரத்தில் எளிதாகக் கிடைப்பவை முருகைக்கல்லும் சுண்ணக்கல்லுமே. கருங்கல் வேண்டுமாயின் கிழக்கே வன்னியின் உட்பகுதிக்குச் செல்லவேண்டும்; அன்றேல் கடல் கடக்கவேண்டும். ஆகவே இக்கரையில் நிற்கும் ஒவ்வொரு கருங்கல்லின் பின்னும் வண்டியோ தோணியோ மட்டுமன்றி, அவற்றை ஏவிய அதிகாரமும் இருந்ததெனக் கொள்ளலாம். உழவரும் மீனவரும் மண்சுவருக்குள்ளும் ஓலைக்கூரையின் கீழுமே வாழ்ந்தனர்.

அருவியாற்றின் குறுக்கே எழுந்த தேக்கம் என்னும் பண்டைய கல்லணை ஆற்றுநீரைக் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்பியது. அங்கே கல் நெல்லாக மாறியது. மாதோட்டத்திலோ அது கோயிலாயிற்று. சோழர் ஆட்சியில் இராசராசபுரம் எனப்பட்ட அத்துறையில் தாழிகுமரன் என்பான் இராசராச ஈசுவரத்தை எடுப்பித்ததைக் கல்வெட்டொன்று கூறுகிறது. அவனது ஊர், நாடு, வளநாடு யாவும் அதில் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கல் பொளிந்தவரைத் தேடுவோர் வேறெங்கேனும்தான் தேடவேண்டும்.

1560இல் யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்த போர்த்துக்கேயர் அதனைத் தக்கவைக்க இயலாது மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். திருக்கேதீச்சரக் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டே அது கட்டப்பட்டது என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்து. இதனைச் சமயக் காழ்ப்பின் கதையாக மட்டும் கூறுவது நம்மவரின் வழக்கம். காழ்ப்பு இருந்தது என்பதில் ஐயமில்லை. 1544இல் மன்னாரிலே கிறித்தவம் தழுவியோரைக் கொல்வித்த சங்கிலியின் செயலையும் அக்காழ்ப்பின் கணக்கிலேயே சேர்க்கவேண்டும். நம் நூல்களிற் பல இதனைக் கடந்து சென்றுவிடுகின்றன. ஆனால் காழ்ப்பு கோயிலை இடிக்கப் போதுமானதேயன்றி, இடித்த கல்லைச் சுமந்துசென்று மீண்டும் அடுக்கப் போதுமானதன்று. அகழ்ந்து, சதுரித்து, கரைவரை கொண்டுவரப்பட்ட கல் என்பது முந்திய தலைமுறைகளின் திரண்ட உழைப்பு. மார்க்ஸ் இறந்த உழைப்பு என்றது இதனையே. கல்லரிய கரையில் அதனைக் கைப்பற்றுதல் பொருளாதார நோக்கில் கொள்ளையாகும். கோட்டையின் தேவையும் பொருளாதாரத் தேவையே: புன்னைக்காயலிலிருந்த தம் தளத்தைப் போர்த்துக்கேயர் மன்னாருக்கு மாற்றியதன் பின்னணியில் முத்துக்குளிப்பின் வருவாய் இருந்தது. கோயில் இழந்தவரும் முத்துக்கு மூழ்கியவரும் ஒரே கோட்டையின் நிழலில் வந்தனர்.

1658இல் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. 1696அளவில் அதனைப் புதுக்கி முடித்த அவர்கள், 1795இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். ஆண்டோர் மாறினும் சுவர் பெரும்பாலும் அவ்விடத்திலேயே நின்றது.

திருக்கேதீச்சரத்தின் மீட்புக்காக ஆறுமுக நாவலர் 1872இல் குரலெழுப்பினார். இந்திய அரசின் நிதியுதவியுடனும் மாமல்லபுரம் சிற்பக்கலைக் கல்லூரியின் பங்களிப்புடனும் நடந்த கருங்கற்றிருப்பணி நிறைவுற்று, 2022 ஜூலையில் குடமுழுக்கு நிகழ்ந்தது. பாலாவிக் கரையில் மீண்டும் கருங்கல் நிற்கிறது. உளி பிடித்தோருள் பாக்குநீரிணையைக் கடந்து வந்தவர்களும் இருந்தனர்.