சம்பள நாளும் தவணைக் கணக்கும்

1920-களில் பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களின் ஆலை வாயில்களில் சம்பள தினத்தன்று இரு கூட்டங்களைக் காணலாம். ஒன்று, கூலியைப் பெற்றுக்கொண்டு வெளியே வரும் தொழிலாளர் கூட்டம். மற்றொன்று, அவர்களை எதிர்நோக்கி நிற்கும் கடன்காரர் கூட்டம். கடன்காரர் என்று நாம் இங்கே கூறுவது கடன் கொடுத்தவரை; நமது மொழியில் கடன் வாங்கியவனுக்கும் அதே பெயர்தான். அரசாங்க வாசகங்களை மொழிபெயர்க்கும் தொழிலில் உள்ள நமக்கு இச்சொல் தரும் தொல்லை கொஞ்சமன்று. ஆலைத் தொழிலாளிக்கு அந்தக் குழப்பம் இருந்ததில்லை. நீண்ட அங்கியும் தலைப்பாகையும் கையில் தடியுமாக நின்ற எல்லைப்புறத்துப் பட்டாணியர் வங்கத்தில் காபூலிவாலா என்றும், தமிழ்நாட்டில் ஈட்டிக்காரர் என்றும் பெயர் பெற்றிருந்தனர். தாகூர் 1892-இல் எழுதிய 'காபூலிவாலா' கதையைக் கண்ணீருடன் படித்தவர்களும், அதில் வரும் ரஹ்மத் சிறை செல்ல நேர்ந்ததே வரவேண்டிய பாக்கியைக் கேட்கப் போன இடத்தில் மூண்ட சண்டையினால்தான் என்பதை மறந்துவிடுகின்றனர்.

சம்பளம் வாங்குகிறவன் ஏன் கடன்பட வேண்டும்? இக்கேள்விக்கு விடை சம்பளம் வழங்கப்பட்ட முறையிலேயே இருந்தது. பம்பாய் ஆலைகளில் ஒரு மாதத்துக் கூலி, அந்த மாதம் முடிந்து பல நாட்கள் சென்ற பிறகே கைக்கு வரும். ஊரைவிட்டு வந்து புதிதாக வேலையில் அமர்ந்தவன், முதற் கூலியைக் காணும் வரையில் ஒரு மாதத்துக்கு மேல் கடனிலேயே காலந்தள்ள வேண்டும். அரிசிக் கடையில் கணக்கு. குடியிருக்கும் அறைக்கு வாடகைப் பாக்கி. வேலை வாங்கித் தந்த மேஸ்திரிக்குக் காணிக்கை. அந்த மேஸ்திரியே வட்டிக்கும் கொடுப்பான். ஆகவே, புலம் பெயர்ந்தவனுடைய கடன் அவன் ஊதாரியாக இருந்ததனால் உண்டானதன்று. வேலையில் சேர்ந்த அன்றே அது அவன் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. வேற்று மாநிலத்தில் முதல் வேலைக்குச் சென்று, முதல் சம்பளத்துக்காகக் காத்திருந்த அனுபவம் நம் நேயர்களில் பலருக்கு உண்டு. நாமும் அதற்கு விலக்கல்லோம்.

1929-இல் நியமிக்கப்பட்ட அரச தொழிலாளர் ஆணைக்குழு இந்நிலைமையை ஆராய்ந்தது. இங்கிலாந்தின் காமன்ஸ் சபைத் தலைவராக இருந்த விட்லி அதற்குத் தலைவர். வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் அதன் உறுப்பினர்களுள் ஒருவர். தொழிற்சங்கத் தலைவரான என். எம். ஜோஷி மற்றொருவர். 1931-இல் வெளிவந்த அறிக்கை, பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொழிலாளர் கடனில் மூழ்கியிருப்பதாகவும், மிகப் பலருடைய கடன் மூன்று மாதக் கூலியையும் மிஞ்சியிருப்பதாகவும் மதிப்பிட்டது. சாதாரணமாக வழங்கிய வட்டி, ரூபாய்க்கு மாதம் ஓர் அணா. கேட்பதற்கு அற்பமான இவ்வட்டி, ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 75 ஆகும். அதனினும் இருமடங்கு வாங்கியோரும் உண்டு.

இக்கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். மாதம் 30 ரூபாய் பெறும் ஒருவனுக்கு 90 ரூபாய்க் கடன் என்று வைத்துக்கொள்வோம். ரூபாய்க்கு ஓர் அணா வீதம் மாத வட்டி 5 ரூபாய் 10 அணா. அதனை அவன் தவறாமல் செலுத்துகிறான். பதினெட்டு மாதங்களில் 101 ரூபாய் 4 அணா அவன் கையைவிட்டுப் போய்விட்டது. எனினும் 90 ரூபாய்க் கடன் அப்படியே நிற்கிறது. இனி, மேற்கொண்டு வட்டியில்லை, செலுத்துவதெல்லாம் அசலுக்கே வரவு என்று ஓர் அதிகாரி தீர்ப்பளித்ததாகக் கொள்வோம். மாதம் 5 ரூபாய் கட்டினாலே அதே பதினெட்டாம் மாதத்தில் அவன் விடுதலை பெற்றுவிடுவான். கவனித்தீர்களா? இரண்டாம் ஏற்பாட்டில் அவன் கொடுப்பது முன்னைவிடப் பத்தணா குறைவு. கடனைத் தீர்க்கும் சக்தி அவனிடம் இல்லாமல் இல்லை. அவன் கொடுத்த பணம் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. முறையான தவணைத் திட்டத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே எழுந்தது எனலாம்.

அவ்வரலாறு ஆலையில் தொடங்கவில்லை, வயலில் தொடங்கிற்று. 1875-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், புனா ஜில்லாவில் சூபா என்னும் ஊரில் சந்தைக்குக் கூடிய குடியானவர்கள் லேவாதேவிக்காரரின் வீடுகளில் புகுந்தனர். கலகம் அகமத்நகர் ஜில்லாவுக்கும் பரவியது. அவர்களுடைய நோக்கம் பெரும்பாலும் கொள்ளையன்று. கடன் பத்திரங்களைக் கைப்பற்றிக் கொளுத்துவதே. பத்திரத்தைக் கண்ணால் கண்டால் டிக்ரி கொடுத்துவிடுவது அக்கால நீதிமன்றங்களின் வழக்கமாக இருந்தது. கைநாட்டு வைத்தவன் உண்மையில் எவ்வளவு வாங்கினான், எவ்வளவு கொடுத்தான் என்று எவரும் கேட்பதில்லை. விசாரணைக்குப் பின்னர் 1879-இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் பிறந்தது. பத்திரத்துக்குப் பின்னால் சென்று ஆதிமுதல் கணக்கைப் பார்க்கவும், தீர்ந்த தொகையைத் தவணைகளாகக் கட்ட உத்தரவிடவும் நீதிபதிக்கு அதிகாரம் கிடைத்தது. இந்தியாவில் தவணைத் திட்டத்துக்குச் சட்டத்தின் ஆதரவு கிடைத்த பெரிய சந்தர்ப்பம் இது.

தவணை என்பதற்கு வடநாட்டில் 'கிஸ்த்' என்பர். அரபு மொழியிலிருந்து வந்த அச்சொல்லே தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'கிஸ்தி' என்றாகி நிலவரியைக் குறித்தது. வரி தவணைகளாக வசூலிக்கப்பட்டமையால், தவணையின் பெயரே வரிக்கும் ஆகிவந்தது. தில்லியிலோ நாகபுரியிலோ கடைக்காரர் 'கிஸ்தில் வாங்கிக்கொள்ளுங்கள்' என்னும்போது, நம் பாட்டனார் அஞ்சிய சொல்லைத்தான் அவர் புன்முறுவலுடன் கூறுகிறார்.

பழைய தர்மசாஸ்திரத்தில் இதற்கு ஓர் எல்லை உண்டு. எந்த ஒரு சமயத்திலும் வசூலிக்கும் வட்டி அசலை மிஞ்சலாகாது என்பது அவ்விதி. மராட்டியரும் குஜராத்தியரும் இதனைத் 'தாம்துப்பட்' என்பர். பணத்துக்கு இருமடங்கு, அதற்கு மேல் இல்லை என்பது பொருள். பம்பாய் மாகாணத்திலும் கல்கத்தா நகரிலும் ஆங்கிலேய நீதிமன்றங்கள் இவ்விதியை இந்துக்கள் விஷயத்தில் ஏற்றுக்கொண்டன. சென்னை மாகாண நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. ஒரே சாஸ்திரம் பம்பாயில் ஒரு விதமாகவும் சென்னையில் வேறு விதமாகவும் படிக்கப்பட்டதில் வியப்பொன்றுமில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் இதைவிட விந்தைகளைக் கண்டிருக்கிறோம்.

ஆலைத் தொழிலாளியிடம் மீண்டும் வருவோம். விட்லி ஆணைக்குழு சொன்ன யோசனைகளுள் ஒன்று இன்றும் நம் கவனத்துக்குரியது. தொழிலாளியின் ஈடில்லாக் கடன்களைத் தீர்க்கச் சுருக்கமான விசாரணை முறை வேண்டும். அடுத்த இரண்டாண்டுகளில் அவனுக்கு வரக்கூடிய வருமானம் எவ்வளவு, குடும்பத்தின் நியாயமான செலவு எவ்வளவு என்று நீதிமன்றம் மதிப்பிட வேண்டும். இவற்றுக்கிடையே உள்ள வித்தியாசத்தைக் கொண்டே டிக்ரித் தொகையை நிர்ணயிக்க வேண்டும் என்பது அது. கடனிலிருந்து தொடங்கிச் சோற்றுக்கு மிச்சம் என்ன என்று பாராமல், சோற்றிலிருந்து தொடங்கிக் கடனுக்கு மிச்சம் என்ன என்று பார்க்கும் முறை இது.

இவ்யோசனையை மேற்கொண்டது, நாகபுரியைத் தலைநகராகக் கொண்ட மத்திய மாகாணம். அங்கே 1933-இலேயே விவசாயிகளுக்குக் கடன் சமரசச் சட்டம் வந்திருந்தது. 1936-இல் தொழிலாளர் கடன் தீர்வுக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மாதம் 50 ரூபாய்க்கு மேற்படாத கூலி பெற்று, தன் உடைமையும் மூன்று மாதக் கூலியும் சேர்ந்த தொகையை மிஞ்சிய கடனுள்ள தொழிலாளி விண்ணப்பம் செய்துகொள்ளலாம். நீதிமன்றம் கணக்கைப் பார்த்து, அவனால் இயன்ற தொகையை வகுத்துக் கொடுக்கும். எனினும் ஒன்றை நாம் மறைக்கலாகாது. விண்ணப்பம் எழுதத் தெரியாதவனும், வேலையை ஒரு நாள் விட்டால் கூலி இழப்பவனும் நீதிமன்றப் படியேறுதல் எளிதன்று. ஏறினாலும், அடுத்த முறை குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பத்து ரூபாய் கொடுப்பவர் யார்? அதே கடன்காரர்தான். சட்டத்தின் வாசகம் எவ்வளவு நன்றாயிருந்தும், இந்தப் பயம் அதில் தீரவில்லை என்பது நமது கருத்து.

அக்காலத்தில் வந்த வேறு சில சட்டங்கள் சத்தமின்றி நற்பயன் தந்தன. வங்கத்தில் 1934-ஆம் ஆண்டுச் சட்டம், கடன் வசூலுக்காகத் தொழிற்சாலை வாயிலில் வழிமறித்து நிற்பதைக் குற்றமாக்கிற்று. 1936-ஆம் ஆண்டுக் கூலி வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைந்த தொழிற்சாலையில் மாதம் முடிந்து ஏழு நாட்களுக்குள்ளும், மற்றவற்றில் பத்து நாட்களுக்குள்ளும் கூலி கொடுத்துவிட வேண்டும் என்றது. கூட்டுறவுச் சங்கத்துக்குரிய தவணையைக் கூலியிலேயே பிடித்துக்கொள்ளவும் அது இடமளித்தது. தனி லேவாதேவிக்காரருக்கு அவ்வசதி இல்லை. அதே ஆண்டில் சிவில் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, நாணயமாயிருந்தும் கொடுக்க வழியற்றவனைச் சிறையிலடைப்பது தடுக்கப்பட்டது. 1937-இல் சம்பள ஜப்திக்கும் வரம்பு வந்தது: முதல் 100 ரூபாயையும் மீதியில் பாதியையும் தொடக்கூடாது.

சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபை 1938-இல் கொண்டுவந்த விவசாயிகள் நிவாரணச் சட்டம், அசலுக்கு இருமடங்கு ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தால் கடன் முழுவதும் தீர்ந்ததாகவே கொண்டது. நீதிமன்றங்கள் மறுத்த தாம்துப்பட் விதி, சட்டமன்றத்தின் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது. ஆயினும் அது விவசாயிக்கு மட்டுமே உரியது. ஊரில் உழுத அண்ணனுக்கு நிவாரணம் கிடைத்தது. நிலமின்றி நகரத்து ஆலைக்குப் போன தம்பிக்குக் கிடைக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னர், கடனைத் தவணையாக்குவதை விட்டு அறவே ரத்து செய்யும் சட்டங்களும் வந்தன. மகாராஷ்டிரத்தின் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் சிறு விவசாயியோடு தொழிலாளியையும் சேர்த்துக்கொண்டது. லேவாதேவிக்காரர் வழக்குத் தொடுக்க, 1977-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் பாலக்காட்டில் பிறந்த வி. ஆர். கிருஷ்ணய்யர்.

இனி நம் காலம். ஆலை வாயிலில் நின்றவர் இன்று நம் சட்டைப் பையில் இருக்கிறார். 2021-ஆம் ஆண்டு முதலிரு மாதங்களில் ரிசர்வ் வங்கியின் குழு கண்டறிந்த சுமார் 1,100 கடன் செயலிகளில் ஏறத்தாழ 600 சட்டவிரோதமானவை. ஏழு நாள், பதினைந்து நாள் கடன். கையில் தருமுன்பே கழிவு. தவறினால், கைப்பேசியில் பெயருள்ள எல்லோருக்கும் அவதூறுச் செய்தி. ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்த நெறிமுறைகள், ஆண்டு வட்டி வீதத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்றும், கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களைத் தொடலாகாது என்றும் கூறின. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் கேட்டு அழைக்கலாகாது என்றும் அதே ஆண்டில் உத்தரவாயிற்று. 1934-ஆம் ஆண்டு வங்கச் சட்டத்தின் வாரிசுகள் இவை.

முறையான தவணைத் திட்டத்துக்கு 2016-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தில் தனி அத்தியாயமே உண்டு. கடனாளி திட்டம் வகுப்பான். கூட்டத்தில் வாக்களிக்கும் கடனீந்தோருள், தொகையளவில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் சம்மதித்தால் அது அனைவரையும் கட்டுப்படுத்தும். ஆனால் அவ்வத்தியாயம் 2019 டிசம்பர் 1 முதல், நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட ஜாமீன் நின்றவர்கள் விஷயத்தில் மட்டுமே நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. சாதாரணச் சம்பளக்காரர் 'மஞ்சள் கடுதாசி' கொடுக்க விரும்பினால், 1909, 1920-ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்களைத்தான் நாட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் கட்டடத்தில் ஒப்பந்த வேலை பார்த்த திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர் மதிய வேளையில் நம்மிடம் வந்து, "சார், ஒரு மனு எழுதணும், இந்தியில" என்றார். மனு அவசியப்படவில்லை. ஒரு தாளை எடுத்து அவருடைய ஏழு கடன்களையும் வரிசையாக எழுதச் சொன்னோம்: யாரிடம், கையில் வந்தது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு. நான்கில் வாங்கியதைவிடக் கூடுதலாகவே அவர் கட்டியிருந்தார். அதை அதுவரையில் அவர் கூட்டிப் பார்த்ததில்லை. மிரட்டியவர்களைப் பற்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்தார். எஞ்சிய மூன்று நிறுவனங்களுக்கும், வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சும் தொகையைக் காட்டி, மாதத் தவணை கேட்டுக் கடிதம் எழுதினோம். இரண்டு நிறுவனங்கள் வட்டியை நிறுத்தி ஒப்புக்கொண்டன. மூன்றாவது ஒப்புக்கொள்ள ஐந்து மாதங்கள் ஆயின; அதற்குள் நாம் நான்கு கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது.