ஹெடர் கோப்புகள் வீடு மாறிய கதை

ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஒரு லினக்ஸ் திரையில் 'அ' தெரிகிறதா? அதைப் புள்ளிகளாக வரைவது பெரும்பாலும் ஃப்ரீடைப் என்ற லைப்ரரிதான். 1996ல் டேவிட் டர்னர் தொடங்கியது.

2013 நவம்பரில் வந்த 2.5.1 பதிப்பு, ஹெடர் கோப்புகளை 'ஃப்ரீடைப்' என்ற உள் அடைவில் வைக்காமல் மேலேயுள்ள 'ஃப்ரீடைப்2' அடைவிலேயே நிறுவியது. அவ்வளவுதான் மாற்றம்! பழைய பாதையை நிரலில் நேரடியாக எழுதியிருந்தவர்களுக்கு "கோப்பைக் காணோம்" என்று கம்பைலர் கைவிரித்தது. ஆவணத்தில் சொன்ன மேக்ரோ பெயர்களைப் பயன்படுத்தியவர்கள் தப்பித்தார்கள். (கையேட்டை யார் படிக்கிறார்கள்?)

இன்னொரு வம்பும் இருந்தது. விண்டோஸும் மேக்கும் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. எனவே எஃப்டிஜிஎல் என்ற லைப்ரரியின் 'எஃப்டிகிளிஃப்' ஹெடரும் ஃப்ரீடைப்பின் அதே பெயர் ஹெடரும் மோதிக்கொள்ள இடமிருந்தது.

2015 அக்டோபரில் 2.6.1 பதிப்பு எல்லாவற்றையும் உள் அடைவுக்கே திருப்பி அனுப்பியது, 'எஃப்டி2பில்ட்' ஒன்றைத் தவிர.