மெலிஞ்ச ஆளுக்கும் பிரசர் வரும்

எங்கட அம்மம்மா காத்தடிச்சா சாயுற மாதிரி மெலிஞ்ச மனுசி. திருக்கோவில்ல சந்தைக்குப் போனா மீனையும் வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வருவா. கிளினிக்குக்குப் போவம் எண்டு கேட்டா, "பிரசர் கொழுத்த ஆக்களுக்குத்தான் மனே வாற, எனக்கென்னத்துக்கு?" எண்டு சொல்லிட்டு வெத்திலைத் தட்டை எடுப்பா. நாங்களும் அதை நம்பினோம். ஒரு நாள் விடிய எழும்பேக்க வலது கையைத் தூக்க ஏலாமப் போய்ட்டு. ஆஸ்பத்திரியில அளந்து பார்த்தா மேல் அளவு 200ஐத் தாண்டியிருந்தது. பக்கவாதம்.

நான் கலைப்பீடத்தில வரலாறு படிக்கிற ஆள், மருத்துவம் தெரியாது. ஆனா "கொழுத்த ஆக்களுக்குத்தான் பிரசர்" எண்ட கதை அம்மம்மாவின்ட வாய்க்கு எங்கிருந்து வந்தது எண்டு தேடலாம்தானே. தேடினா, அதைத் தொடக்கி வைச்சதில பெரிய பங்கு டாக்டர்மாருக்கு இல்ல. ஆயுள் காப்புறுதிக் கம்பனிகளுக்கு.

கையில பட்டி கட்டிக் காத்தடிச்சு குருதி அமுக்கத்தை அளக்கும் கருவியை இத்தாலியின் ரிவா-ரொச்சி 1896இல் அறிமுகப்படுத்தினார். ஸ்டெதஸ்கோப் வைச்சுச் சத்தம் கேட்டு மேல் அளவு, கீழ் அளவு ரெண்டையும் எடுக்கும் முறையை 1905இல் ரஷ்யாவின் கொரொட்கோவ் சொன்னார். இண்டைக்கும் தாதி செய்யிறது அதைத்தான். ஆனா அளந்த எண்ணை என்ன செய்யிறது எண்டு டாக்டர்மாருக்கே தெளிவில்லை. நாடிகள் இறுகினா குருதியைத் தள்ள அமுக்கம் கூடத்தான் வேணும், அதைக் குறைச்சா ஆபத்து எண்டு பெரிய பெரிய ஆக்களே கனகாலம் நம்பியிருந்தார்கள்.

காப்புறுதிக் கம்பனிக்கு அந்தக் குழப்பம் இல்லை. காசு கட்டின ஆள் முந்திச் செத்தா கம்பனிக்கு நட்டம், கணக்கு அவ்வளவுதான். அமெரிக்காவில் நோர்த்வெஸ்டர்ன் மியூச்சுவல் கம்பனி 1907 அளவிலேயே விண்ணப்பிக்கிறவர்களின் அமுக்கத்தை அளக்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பதிவு: உயரம், நிறை, அமுக்கம், செத்த ஆண்டு. அப்படிச் சேர்ந்த லட்சக்கணக்கான பதிவுகளை 1920களில் கூட்டிப் பார்த்தபோது, நிறை கூடக் கூட அமுக்கமும் கூடுது எண்டு தெரிந்தது. மெட்ரோபொலிட்டன் லைஃப் கம்பனியின் லூயிஸ் டப்ளின் 1942-43இல் எந்த உயரத்துக்கு எந்த நிறை "நல்லது" எண்டு அட்டவணை போட்டார். 1959இல் 26 கம்பனிகள் சேர்ந்து ஏறக்குறைய 50 லட்சம் காப்புறுதிகளை வைச்சு ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டன. அதின்ட பெயரிலேயே உடலமைப்பும் குருதி அமுக்கமும் சேர்ந்து நிக்குது.

இதில எனக்கு உறுத்துற விசயம், அந்தப் பதிவுகளில் ஆர் இருந்தார்கள் எண்டதுதான். காப்புறுதி வாங்க வசதியான அமெரிக்கர்களும் கனடாக்காரர்களும், அதிலும் பெரும்பாலும் வெள்ளை ஆண்கள். கனபேரைச் சப்பாத்தும் உடுப்பும் போட்டபடியே நிறுத்திருக்கிறார்கள். ஏழைகள் இல்லை. எங்கட ஆக்களைப் பற்றிக் கேக்கவே தேவையில்லை.

அந்தக் காலத்தில வைத்தியம் எவ்வளவு கையாலாகாமல் இருந்தது எண்டதுக்கு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சாட்சி. 1944 மார்ச்சில் இதய வைத்தியர் ஹொவர்ட் புரூன் பார்த்தபோது அமுக்கம் 186/108. உப்பைக் குறை, நிறையைக் குறை எண்டார். ரூஸ்வெல்ட் மெலிந்தார், தட்டையான வயிறைப் பார்த்துச் சந்தோசப்பட்டார் எண்டும் சொல்லுவார்கள். அமுக்கம் மட்டும் இறங்கவில்லை. 1945 ஏப்ரல் 12இல் மூளையில் குருதிப் பெருக்கு வந்து செத்தபோது 300/190. மெலிஞ்சா சரியாகிடும் எண்டது எல்லாருக்கும் பொருந்தாது எண்டு காட்டின உடம்பு அது.

மறுகா 1948இல் பிராமிங்ஹாம் எண்ட சின்ன நகரத்தில 5,209 பேரை வருசக்கணக்காகப் பின்தொடரும் ஆய்வு தொடங்கினது. காப்புறுதிக் கணக்கில் இருந்த விசயம் அங்கே சாதாரண ஊர்ச்சனத்திலும் தெரிந்தது: நிறை ஏறினவர்களுக்குப் பிறகு அமுக்கமும் ஏறினது. "கொழுத்த கையில சின்னப் பட்டி கட்டினா அளவு கூடக் காட்டும், இதெல்லாம் பட்டியின் பிழை" எண்டு வாதாடினவர்களும் இருந்தார்கள். அதில உண்மையும் இருக்கு, ஆனா முழுக்கதை அது இல்லை. 1978இல் இஸ்ரேலில் உப்பைக் குறைக்காமல் நிறையை மட்டும் குறைக்க வைச்சுப் பார்த்தார்கள், அமுக்கம் இறங்கினது. 2003இல் 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஒரு கிலோ குறைஞ்சா மேல் அளவு சராசரியாக 1 புள்ளி இறங்குது. கொழுப்புக் கூடினா உடம்பில குருதியின் அளவு கூடுது, சிறுநீரகம் உப்பைப் பிடிச்சு வைக்குது, நாடிகளை இறுக்கும் நரம்புகளும் முடுக்கி விடப்படுது. ஆகவே தொடர்பு உண்மை. பொய்யானது "மட்டும்தான்" எண்ட சொல்.

எங்கட பக்கத்து உடம்புக்கு இன்னொரு சிக்கல். கிளினிக்கில் பார்க்கிற உடற்றிணிவுச் சுட்டி, பெல்ஜியத்தின் கெட்டலே எண்ட புள்ளிவிபரக்காரர் 1830களில் கண்டது. 2004இல் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் ஆங்கிலேய டாக்டர் யுட்கினும் பக்கத்துப் பக்கத்தில நிண்டு ஒரு படம் வெளியிட்டார்கள். ரெண்டு பேரின்ட சுட்டியும் 22.3. கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். வெளியில மெலிஞ்ச ஆள், உள்ளுக்கு அப்படி இல்லை. அதே ஆண்டுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் ஆசியர்களுக்கு 25க்குப் பதிலாக 23இலேயே கவனிக்கத் தொடங்கச் சொன்னார்கள்.

இங்கிலாந்தின் டேவிட் பாக்கர் 1980களின் கடைசியில் இன்னொண்டைச் சொன்னார்: நிறை குறைஞ்சு பிறந்த பிள்ளைகளுக்கு வளர்ந்தபின் அமுக்கம் கூடும் சாத்தியம் இருக்கு. அதை வாசிக்கேக்க எனக்கு 1942 ஞாபகம் வந்தது. பர்மா ஜப்பான் கையில விழுந்து, அரிசி வராமல், இலங்கையில் கூப்பன் அரிசிக் காலம். அம்மம்மா பிறந்தது அதுக்கு அடுத்த வருசம். அவவின்ட பிறப்பு நிறையை ஆரும் எழுதி வைக்கல்ல.

2011இல் இருந்து நாடு முழுக்க ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் இருக்கு, சும்மா போய் அளக்கலாம். போன மாசம் அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். 52 கிலோ, 5 அடி, சுட்டி 22.4. அமுக்கம் 148/94. "மிசின் பிழை" எண்டா. அடுத்த கிழமையும் போனோம், 146/92. இப்ப கருவாட்டை ரெண்டு தரம் ஊறவைச்சுக் கழுவிட்டுத்தான் சட்டியில போடுறா. அம்மம்மா கட்டிலில இருந்து, இடது கையால ஒரு வாய் எடுத்து வைச்சிட்டு, "கறியில உப்பில்ல கா" எண்டு ஒவ்வொரு நாளும் சண்டை.