எந்தக் கணினி வாங்கலாம்?

புள்ளியியல் மென்பொருளுக்கு எந்தக் கணினி வாங்கலாம் என்று அரங்கத்தில் ஒரு மாணவி கேட்டார். நேயர்களே, 1990-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இதே கேள்வி தலைகீழாக இருந்தது!

அங்கே பயிற்சிக்கூடத்தில் இருந்தவை மெக்கின்டோஷ் கணினிகள். அவற்றுக்குப் பொருத்தமான புள்ளியியல் மென்பொருள்தான் கிடைக்கவில்லை. விரிவுரையாளர்கள் ராஸ் இகாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் தாங்களே எழுதிப் பார்த்தனர். பெல் ஆய்வுக்கூடத்தில் 1976-இல் பிறந்த 'எஸ்' மொழியின் சாயலில் உருவானது 'ஆர்'. இருவர் பெயருக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து அதுதானே!

விற்றுக் காசாக்கியிருக்கலாம். சூரிக்கின் மார்ட்டின் மேக்லர் வற்புறுத்தியதால், 1995 ஜூனில் மூலநிரலையே இலவசமாகத் திறந்துவிட்டனர். யாரும் எந்தக் கணினிக்கும் மாற்றி எழுதலாம் என்றானது. இன்று விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் அது ஓடுகிறது.

அந்த மாணவிக்கு நான் சொன்னது: 'ஆர்' பொதுவாகத் தரவை நினைவகத்தில் ஏற்றித்தான் கணக்கிடும். கடையில் சின்னத்தைப் பார்க்காதீர்கள். நினைவகம் எவ்வளவு என்று கேளுங்கள்.