நீக்ரோ வரலாற்று வாரம்: ஒரு பெயரும் அதன் பெயர்ச்சியும்

பிப்ரவரி பிறந்தால் அமெரிக்கப் பள்ளிகளில் ‘கறுப்பர் வரலாற்று மாதம்’ தொடங்குகிறது. சொற்சுவை அறிந்த அன்பர்கள் அந்தப் பெயரை ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். 1926இல் கார்ட்டர் வுட்சன் என்னும் வரலாற்றறிஞர் இதைத் தொடங்கியபோது இட்ட பெயர் ‘நீக்ரோ வரலாற்று வாரம்’. அரை நூற்றாண்டில் வாரம் மாதமாக வளர்ந்தது, நீக்ரோ போய்க் கறுப்பர் வந்தார், நடுவில் நின்ற வரலாறு மட்டும் அசையவில்லை.

முதற்சொல்லை எடுத்துக்கொள்வோம். இலத்தீனில் கருமைக்கு இரு சொற்கள் உண்டு. ஒளியற்று மங்கிக் கிடக்கும் கருமை ‘ஆட்டெர்’, மினுமினுக்கும் கருமை ‘நிகெர்’. மினுமினுத்த அந்தச் சொல்தான் போர்ச்சுக்கீசியத்திலும் ஸ்பானியத்திலும் ‘நெக்ரோ’ ஆகி, குதிரைக்கும் துணிக்கும் இரவுக்கும் பொதுவான அடைமொழியாய்ப் பழகி வந்தது. 15ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஆள் பிடித்து விற்கத் தொடங்கிய பின் அதன் பயன்பாடு திரிந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதைக் கடன் வாங்கியபோது நிறத்துக்காக வாங்கவில்லை. நிறத்துக்கு அதனிடம் ‘பிளாக்’ இருந்தது. பண்பை உதறிவிட்டு, ஆளைச் சுட்ட மட்டும் சொல்லை எடுத்துக்கொண்டது. யோருபா என்றும் இக்போ என்றும் வொலோப் என்றும் தத்தம் பெயரோடு கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் கரையிறங்கும்போது அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டிருந்தார்கள்.

தமிழுக்கு அது ஆங்கில ஒலிப்பின் வழியே முதலெழுத்து நீண்டு ‘நீக்ரோ’ என வந்தது. ‘நீக்கு’ என்னும் வினையை அது நினைவூட்டுவது வெறும் தற்செயல். ஒலியொப்புமையைப் பிடித்துக்கொண்டு வேர் தேடுவோர் வழுக்கி விழும் இடங்களில் இதுவும் ஒன்று. நம்மிடம் ‘காப்பிரி’ என்றொரு சொல்லும் உண்டு, இலங்கையில் ‘காப்பிலி’ என்பார்கள். இறைமறுப்பாளரைக் குறிக்கும் அரபுச் சொல்லான ‘காஃபிர்’ போர்ச்சுக்கீசியர் வாய்ப்பட்டு இப்படித் திரிந்தது. சமயத்தைப் பற்றிய வசை கடல் கடந்ததும் இனப்பெயராகிவிட்டது.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர்களின் வரிசை இன்னும் சுவையானது. கறுப்பினப் போதகர் ரிச்சர்ட் ஆலன் 1816இல் பிலடெல்பியாவில் நிறுவிய திருச்சபையின் பெயரில் முதலில் நிற்பது ‘ஆப்பிரிக்க’ என்னும் சொல். அதே ஆண்டின் இறுதியில், விடுதலை பெற்ற கறுப்பரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவைக்கவென்று ஒரு கழகம் கிளம்பியது. பிறந்த மண்ணைவிட்டுக் கிளப்பும் வேலைக்கு இந்தப் பெயரே துணைபோய்விடுமோ என்று பலர் அஞ்சினர். ‘கலர்ட்’, அதாவது நிறத்தவர், என்ற சொல் முன்னுக்கு வந்தது. பின்னர் நீக்ரோ மீண்டும் தலையெடுத்தபோது, ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுத வேண்டும் என்று கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் போன்றோர் நெடுங்காலம் வாதாடினர். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1930இல்தான் அதற்கு இணங்கியது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே அறியாத நம் நெடுங்கணக்கில் இந்தப் போராட்டத்தை எழுதிக் காட்டவே வழியில்லை.

நியூயார்க் டைம்ஸ் இணங்குவதற்கு இரண்டாண்டு முன்பு, டு பாய்ஸ் ஆசிரியராயிருந்த ‘தி கிரைசிஸ்’ இதழுக்கு உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் எழுதிக் கேட்டான்: நம்முடைய இதழே நம்மை நீக்ரோ என்னும் பெயரால் அழைக்கலாமா? பள்ளிச் சிறுவனின் கடிதம்தானே என்று ஒதுக்காமல் அறிஞர் விரிவாகவே விடையளித்தார். பெயரைப் பொருளென்று மயங்காதே, இகழ்கிறவன் பெயரை மாற்றினாலும் இகழ்வான் என்பது அவர் விடையின் சாரம். நம் இலக்கணம் பேசும் மொழியில் சொன்னால், அவருக்கு அது இடுகுறிப்பெயர். சிறுவனுக்கோ காரணப்பெயர், அதுவும் வலிக்கும் காரணம். வாதத்தில் டு பாய்ஸின் பக்கமே வலிமை என்று நான் நினைக்கிறேன். ஆனால் வழக்கு சிறுவன் பக்கம் போய்விட்டது.

1966இல் மிசிசிப்பியின் கிரீன்வுட் ஊரில் உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேல் ‘கறுப்பு அதிகாரம்’ என்று முழங்கிய பிறகு, அதுவரை வசையாகக் கேட்ட ‘பிளாக்’ ஓரிரு ஆண்டுகளில் பெருமிதச் சொல்லாக நிமிர்ந்தது. இதைத் தமிழாக்கும்போது வல்லின றகரம் இட்டுக் ‘கறுப்பு’ என்று எழுதுவதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி உண்டு. இடையின ரகரம் இட்ட ‘கருப்பு’க்கு அகராதிகள் பஞ்சம் என்றும் பொருள் தருகின்றன. ‘கறுப்பு’க்கோ தொல்காப்பியர் உரியியலில் சினம் என்னும் பொருளை வகுத்துவைத்திருக்கிறார். மிசிசிப்பிக்கும் தொல்காப்பியருக்கும் உறவு கற்பிக்க வரவில்லை. சொல் இடத்துக்குப் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

அசையாத நடுச்சொல்லுக்கு வருவோம். வரல் ஆறு, வந்த வழி. வுட்சனின் பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். அவரோ நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, இருபது வயதளவில் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்து, 1912இல் ஹார்வர்டில் முனைவரானவர். பாடநூல்களில் தம் மக்கள் வந்த வழி அழிக்கப்பட்டிருப்பதைக் கண்டு 1915இல் ஆய்வுக் கழகம் அமைத்தார். தம் முன்னோர் எதையும் ஆக்கவில்லை என்று படித்து வளரும் குழந்தை, தனக்கு இழைக்கப்படும் அநீதியை இயற்கை என்றே எண்ணிவிடும் என்பது அவர் கவலை. அவர் அழுத்திச் சொன்ன ஒரு வேறுபாட்டை வேற்றுமை உருபுகளைப் போல எந்த உரையும் விளக்கிவிட முடியாது. நீக்ரோவின் வரலாறு என்று ஆறாம் வேற்றுமையில் ஒரு தனிப் பத்தாயம் கட்டுவது அவர் நோக்கம் அன்று. வரலாற்றில் நீக்ரோ என்று ஏழாம் வேற்றுமையில், எல்லாரும் நடந்த பொதுவழியில் அவர்களின் தடத்தைக் காட்டுவதே நோக்கம்.

வாரத்துக்கு அவர் பிப்ரவரியைத் தேர்ந்தது லிங்கனின் பிறந்தநாளான 12ஆம் நாளும் அடிமை ஒழிப்புப் போராளி பிரடெரிக் டக்ளஸின் பிறந்தநாளான 14ஆம் நாளும் அதில் அடங்கும் என்பதற்காக. டக்ளஸின் பிறந்தநாளும் பெயரும் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டிய கதைகள். அடிமையாகப் பிறந்த அவருக்குப் பிறந்த நாளை யாரும் சொல்லவில்லை. 14ஐத் தாமே வரித்துக்கொண்டார். பிறப்பில் பெய்லி. 1838இல் தப்பியோடி நியூ பெட்ஃபோர்டு சேர்ந்தபின், அடைக்கலம் தந்த நண்பர் வால்டர் ஸ்காட்டின் காவியம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்த வீரன் பெயரைச் சொல்ல, அதன் ஈற்றெழுத்தை இரட்டித்துத் தம்முடையதாக்கிக்கொண்டார். அடிமை முறை எதையெல்லாம் பறித்தது என்று வகுப்பில் பட்டியலிடத் தேவையில்லை; ‘உன் பிறந்தநாள் என்ன?’ என்று கேட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் போதும்.

முதலாண்டில் வட கரோலினா, டெலவேர், மேற்கு வர்ஜீனியா மாநிலங்களின் கல்வித் துறைகளும் பால்டிமோர், வாஷிங்டன் நகரப் பள்ளிகளும் வாரத்துக்கு ஆதரவு தந்தன. ஆசிரியர்களுக்கெனப் படங்களும் பாடக் குறிப்புகளும் போயின. 1937இல் அவர்களுக்கென்றே ஓர் இதழும் வந்தது. ஆண்டு முழுதும் இதைப் பயிற்றும் நிலை வந்து, தனி வாரமே வேண்டாதுபோக வேண்டும் என்பது வுட்சனின் எண்ணம். அவர் 1950இல் மறைந்தார். 1972இல் அவர் அமைத்த ஆய்வுக் கழகம் தன் பெயரிலிருந்து நீக்ரோவை எடுத்தது. 1976இல் வாரம் மாதமாயிற்று. ஏழாம் வேற்றுமைக்கு இன்னும் பதினொரு மாதம் பாக்கி.