உப்புச் சேராத சோறு

சூடு சொரணை இல்லாதவனைப் பார்த்து, ‘சோற்றில் உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறாய்?’ என்று கேட்பது நம் வழக்கம். கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டியின் நாட்டார் கதைகளிலும் உப்புக்கு இதற்கு நெருக்கமான பொருள் உண்டு. அங்கே ஜாம்பி என்பது மனிதக் கறி தின்னும் பூதம் அல்ல. மந்திரவாதி குழியிலிருந்து எழுப்பி, நினைவைப் பறித்து, வயலில் வேலை வாங்கும் பிணம். அதற்கு உப்பில்லாச் சோறுதான் போட வேண்டும். ஒரு கல் உப்பு நாக்கில் பட்டால், தான் செத்தவன் என்பது அதற்குத் தெரிந்துவிடும். யார் தடுத்தாலும் நில்லாமல் தன் குழியைத் தேடிப் போய்விடும். இன்று ஜாம்பிப் படத்துக்குத் திரைக்கதை எழுத உட்காருபவர்கள், பிணம் எப்படிக் கடிக்கும், எவ்வளவு வேகமாக ஓடும், எங்கே சுட்டால் விழும் என்பதைத்தான் பெரும்பாலும் முதலில் முடிவு செய்கிறார்கள். ஆனால் இந்தத் திரைக்கதைகளின் வரலாற்றைப் பார்த்தால், கதையின் அச்சாணி கடி அல்ல, அந்த உப்புதான் என்பது விளங்கும். விழிப்பு யாருக்கு வாய்க்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதில்தான் அவற்றின் உயிர் இருக்கிறது.

இந்த நம்பிக்கை கரும்புத் தோட்டத்தில் விளைந்தது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் ஆப்பிரிக்க அடிமைகள் அங்கே கரும்பு வெட்டி மாண்டார்கள். செத்த பிறகாவது உயிர் கினி என்ற தாய்மண்ணுக்குத் திரும்பும் என்பதே அவர்களுக்கு இருந்த ஆறுதல். ஜாம்பியாவது என்றால் அந்தக் கடைசி வழியும் அடைபடுவது. சாவுக்குப் பிறகும் வேலை ஓயாது. அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804இல் நாட்டை விடுவித்தார்கள். 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அங்கே ஆட்சி செய்தபோது, சாலை போட விவசாயிகளைக் கட்டாய வேலைக்குப் பிடித்துப் போனார்கள். பழைய அச்சம் மீண்டும் துளிர்த்தது. 1929இல் அமெரிக்கப் பயண எழுத்தாளர் வில்லியம் சீப்ரூக் வெளியிட்ட ‘தி மேஜிக் ஐலண்ட்’ நூலில், தாம் அங்கே கேட்ட ஒரு கதையைப் பதிவு செய்தார். ஒருவன் பிணங்களைக் கூட்டிவந்து சர்க்கரைக் கம்பெனியின் கரும்பு வயலில் இறக்கி, அவற்றின் கூலியைத் தானே வாங்கிக்கொள்கிறான். அவன் மனைவி இரக்கப்பட்டு அவற்றுக்கு மிட்டாய் வாங்கித் தருகிறாள். மிட்டாயில் கலந்திருந்த பருப்பு உப்பிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. தின்றதும் அவை நிலை உணர்ந்து, மலைமேல் இருக்கும் தங்கள் ஊர் இடுகாட்டை நோக்கி நடக்கின்றன.

ஹாலிவுட் எஜமானனை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிட்டது. கார்னெட் வெஸ்டன் எழுதி விக்டர் ஹால்பெரின் இயக்கிய ‘ஒயிட் ஜாம்பி’ 1932இல் வந்தது. நடிகர் பேலா லுகோசியின் பாத்திரம் நடத்தும் கரும்பாலையில் கூடை சுமந்த பிணங்கள் வரிசையாக நடக்கின்றன. ஒன்று தடுமாறி அரவைக்குள் விழுகிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செக்கு கிறீச்சிட்டபடி சுற்றிக்கொண்டே இருக்கிறது. சீப்ரூக் பக்கம் பக்கமாகச் சொன்னதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. ஆனால் முடிவில், எஜமானன் மயங்கி விழுந்ததும் அவனுடைய ஏவலாட்களான பிணங்கள் செங்குத்துப் பாறையிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே விழுகின்றன. அவன் செத்ததும் விழித்தெழுபவள் வெள்ளைக்காரக் கதாநாயகி மட்டுமே. உழைத்தவர்களுக்கு விழிப்பு எழுதப்படவில்லை. படத்தின் தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது.

1968இல் பிட்ஸ்பர்க்கில் ஜார்ஜ் ரொமேரோவும் ஜான் ரூஸோவும் சுமார் 1,14,000 டாலர் செலவுக்குள் அடங்கும்படி எழுதிய ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ எஜமானனையே நீக்கியது. எழுப்பியவன் யார் என்று இல்லை. பிணங்களிடம் விழிப்புக்கும் வழியில்லை. அதனால் விழிக்க வேண்டிய பொறுப்பு உயிரோடு இருப்பவர்கள் தலையில் விழுந்தது. ஒரு பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர், நிலவறையில் ஒளிவதா மேலே நின்று எதிர்ப்பதா என்று விடிய விடியச் சண்டை போடுகிறார்கள். விடியும்போது பிழைத்திருக்கும் ஒரே ஆளான பென்னை, மீட்க வந்த கூட்டம் பிணமென்று நினைத்துச் சுடுகிறது. அந்தப் பாத்திரம் கறுப்பினத்தவருக்காக எழுதப்பட்டதல்ல; கறுப்பின நடிகர் டுவேன் ஜோன்ஸ் நன்றாக நடித்துக் காட்டியதால் தேர்வானார். ஆகவே இதில் இன அரசியல் தேடுவது பிற்காலக் கற்பனை என்பார்கள். எழுதியவர் மனத்தில் இல்லை என்பது மெய்யாக இருக்கலாம். ஆனால் யார் மனிதன், யார் பிணம் என்று நின்று பார்க்கக்கூட மறுக்கும் கூட்டத்தைத் திரைக்கதை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. ஜோன்ஸ் வந்து நின்றதும் அந்தக் கூட்டம் யாரென்று 1968ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குத் தெரிந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ரொமேரோவுக்கு வித்து ஹைட்டி அல்ல, ரிச்சர்ட் மாத்திசன் 1954இல் எழுதிய ‘ஐ ஆம் லெஜண்ட்’ நாவல். படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வராது. பிறகு உப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வித்து வேறு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் ரொமேரோ அடுத்தடுத்து எழுதியவற்றில் உப்பு தானாகவே திரும்பி வந்தது. 1978இல் பிணங்கள் பழக்கம் விடாமல் வணிக வளாகத்துக்கு வருகின்றன. 1985இல் பப் என்ற பிணம் இசை கேட்டு நெகிழ்கிறது, சல்யூட் அடிக்கிறது. 2005இல் பெட்ரோல் பங்க் ஊழியனாக இருந்த பிணம் தன் கூட்டத்தைத் திரட்டி, பணக்காரர்கள் வாழும் கோபுரத்தை நோக்கி நடக்கிறது. மிட்டாய் தின்று மலையேறிய அந்தப் பிணங்களின் நடைதான் இதுவும். திசை மட்டும் மாறியிருக்கிறது: அவை குழிக்குப் போயின, இவை எஜமானன் வாசலுக்குப் போகின்றன.

ரசிகனுக்கு வேண்டியது ஓட்டமும் ரத்தமும்தானே என்பவர்கள், பிணங்களுக்குப் பதில் நோய் தொற்றியவர்களை வெறியோடு ஓடவிட்ட ‘28 டேஸ் லேட்டர்’ படத்தை எடுத்துக் காட்டலாம். 2002இல் வந்த அதற்கு அலெக்ஸ் கார்லண்ட் எழுதிய கடைசிப் பகுதியில் நம்மை உறைய வைப்பது அந்த நோய் தொற்றியவர்கள் அல்ல. அடைக்கலம் என்று அழைத்துவிட்டுப் பெண்களைப் பங்குபோடத் துணியும் ராணுவத்தினர். வேகம் நம்மை நாற்காலி நுனிக்குத் தள்ளும், அவ்வளவுதான். படம் முடிந்த பிறகும் மனத்தில் நிற்பது, உயிரோடு இருப்பவர்கள் எப்போது மரத்துப் போனார்கள் என்ற கேள்வி. ஆகவே எழுத உட்காருபவர், பிணத்தின் பல்லை வரைவதற்கு முன் அந்த மனைவியின் கையை நினைத்துக்கொள்ளட்டும். தன் கதையில் மிட்டாயை நீட்டுவது யார், அதைத் தின்று விழிக்கப் போவது யார் என்பது முடிவானால் மற்றவை பின்னால் வரும்.