ஹைலேண்டர் (1986 திரைப்படம்)

ஹைலேண்டர், சாவில்லாத மனிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஒருவரையொருவர் வாளால் வேட்டையாடும் கதையைச் சொல்லும் மாயப்புனைவு அதிரடித் திரைப்படம். இயக்கியவர் ஆஸ்திரேலியரான ரஸ்ஸல் மல்காஹி. கிறிஸ்டோபர் லாம்பர்ட், ஷான் கானரி, கிளான்சி பிரவுன், ராக்சேன் ஹார்ட் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். பின்னணி இசை மைக்கேல் கேமனுடையது. பாடல்களைப் பிரித்தானிய ராக் குழுவான குயின் அமைத்தது. 1986 மார்ச்சில் அமெரிக்காவிலும் ஆகஸ்டில் பிரிட்டனிலும் வெளியானது. அமெரிக்கத் திரையரங்குகளில் ஏறத்தாழ 60 லட்சம் டாலரோடு வசூல் நின்றுபோனது. போட்ட பணத்தில் பாதிகூட அங்கே திரும்பவில்லை. ஐரோப்பாவில், குறிப்பாகப் பிரான்சில், வரவேற்பு நன்றாக இருந்தது. பிறகு வீடியோ கேசட்டும் இரவுநேரத் தொலைக்காட்சி ஒளிபரப்பும் படத்துக்கு இரண்டாவது வாழ்க்கை கொடுத்தன. அதன் பலத்தில் நான்கு தொடர்படங்களும், தொலைக்காட்சித் தொடர்களும், ஒரு ஜப்பானிய அனிமே படமும் வந்தன.

படத்தின் குறைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அவை திரையிலேயே துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஸ்காட்லாந்துக்காரனாக நடிக்கும் லாம்பர்ட் பிரெஞ்சு நடிகர். அசல் ஸ்காட்லாந்துக்காரரான கானரியோ, எகிப்தில் பிறந்து ஸ்பானியப் பெயர் தாங்கி ஜப்பானிய வாளோடு திரியும் ஒருவராக, தம் எடின்பரோ உச்சரிப்பைக் கொஞ்சமும் மாற்றாமல் பேசுகிறார். அப்படியும் படம் நாற்பது ஆண்டுகளாகப் பார்க்கப்படுகிறது என்றால், சாகாமை தன்னைப் பெற்றவனிடமிருந்து எதையெல்லாம் பறிக்கிறது என்பதைக் கதை விடாமல் பின்தொடர்வதுதான் முதற்காரணம். ஸ்டைலும் இசையும் அந்தக் கதைக்குத் தோள் கொடுக்கின்றன.

கதையும் அதன் விதிகளும்

1536-இல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் மக்லவுட் குலத்துக்கும் ஃப்ரேசர் குலத்துக்கும் போர் நடக்கிறது. ஃப்ரேசர்களின் பக்கம் நிற்கும் குர்கன் என்னும் கரிய கவச வீரன், கானர் மக்லவுட் என்ற இளைஞனின் வயிற்றில் வாளைப் பாய்ச்சுகிறான். பிழைக்க வழியே இல்லாத காயம். மறுநாளே கானர் எழுந்து நடமாடுகிறான். பேய் பிடித்தவன் என்று ஊரார் அடித்துத் துரத்துகிறார்கள். கிளென்கோ பள்ளத்தாக்கில் ஹெதர் என்ற பெண்ணோடு கொல்லனாக வாழ்கிறவனைத் தேடி, 1541-இல், கானரி நடிக்கும் சாவில்லாதவரான ராமிரெஸ் வருகிறார். அவன் யார் என்பதைச் சொல்லி, வாள் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். இந்தக் கதை, 1985-இன் நியூயார்க்கில் ரஸ்ஸல் நாஷ் என்ற பெயரில் பழம்பொருள் வியாபாரியாக வாழும் கானரின் கதையோடு மாறி மாறிச் சொல்லப்படுகிறது.

விதிகள் கைவிரலில் எண்ணக்கூடியவை. தலை துண்டானால்தான் சாவு. தோற்றவனின் ஆற்றல் மின்னலாய் வெடித்து வென்றவனுக்குள் புகும். புனித மண்ணில் யாரும் வாளெடுக்கக் கூடாது. பிள்ளைப்பேறு கிடையாது. கடைசியில் ஒருவனே மிஞ்ச வேண்டும். அவனுக்கு ஒரு பரிசு காத்திருக்கிறது. இவர்கள் ஏன் இப்படிப் பிறந்தார்கள், இந்த விதிகளை வகுத்தவர் யார் என்ற கேள்விகளுக்குப் படம் வாயே திறப்பதில்லை. இது நல்ல பிடிவாதம். பின்னாளில் பதில் சொல்லப் போனவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

திரைக்கதையின் மூலவரைவை எழுதியவர் கிரெகரி வைடன். முன்பு தீயணைப்பு வீரராக இருந்தவர்; லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் திரைக்கதை படித்தபோது இதை எழுதினார். ரிட்லி ஸ்காட்டின் தி டூயலிஸ்ட்ஸ் (1977) படமும், பிரித்தானியப் பயணத்தின்போது பார்த்த பழங்கவசங்களும் அவருக்குள் பொறியை ஏற்றின. நெப்போலியன் காலத்து அதிகாரிகள் இருவர் ஆண்டுக்கணக்கில் விடாமல் வாட்போரிடும் கதை தி டூயலிஸ்ட்ஸ். அந்தப் பகைக்கு ஆயுள் வரம்பே இல்லையென்றால் என்னாகும் என்பதுதான் ஹைலேண்டரின் வித்து. பீட்டர் பெல்வுட்டும் லாரி ஃபெர்குசனும் பின்னர் திருத்தி எழுதினார்கள். வைடனின் வரைவில் சாவில்லாதவர்களுக்குக் குழந்தைகள் பிறந்தார்கள். படத்தில் அது நீக்கப்பட்டது. கதையின் துயரம் கூர்மைபெற்றது இந்த ஒரு திருத்தத்தால்தான் என்று சொல்லலாம்: கானருக்கு எதிர்காலம் என்று கைநீட்டிக் காட்ட ஒரு பிள்ளைகூட இல்லை.

ஹெதரின் மெழுகுவத்தி

மனைவியை விட்டு விலகிவிடு என்று ராமிரெஸ் கானரை எச்சரிக்கிறார். தாமே மூன்று மனைவியரைப் பறிகொடுத்தவர். கானர் கேட்கவில்லை. தொடர்ந்து வரும் சில நிமிடங்களில் ஹெதர் நரைத்து, தளர்ந்து, அவன் மடியிலேயே உயிர்விடுகிறாள். அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. தன் பிறந்தநாளில் ஒரு மெழுகுவத்தி ஏற்றும்படி அவள் கேட்டுக்கொள்கிறாள். வாள்வீச்சுப் படம் ஒன்றில் முதுமைக்கு இப்படி இடம் கொடுப்பது அரிது. சிரஞ்சீவி வாழ்வு வரம் மட்டுமல்ல, அசுவத்தாமனுக்குக் கிடைத்ததுபோலச் சாபமாகவும் வரலாம் என்று அறிந்த பார்வையாளருக்கு இந்த இடம் புதிதாக இராது. ஹாலிவுட் அதிரடிப் படத்தை எதிர்பார்த்து வந்த 1986-இன் ரசிகருக்கு இருந்திருக்கும்.

அந்த மெழுகுவத்தி நான்கு நூற்றாண்டுகள் கழித்துத் திரும்ப வருகிறது. நியூயார்க் தேவாலயத்தில் கானர் அதை ஏற்றிக்கொண்டிருக்கும்போது குர்கன் உள்ளே நுழைந்து பக்கத்தில் அமர்கிறான். புனித மண் என்பதால் இருவராலும் வாளைத் தொட முடியாது. பேச மட்டுமே முடியும். ராமிரெஸைக் கொன்ற இரவில் அவருடைய துணைவியைக் கெடுத்ததாகக் குர்கன் பெருமையடித்துக்கொள்கிறான். கானரின் முகம் மாறுவதைப் பார்த்த பிறகுதான், அவள் உண்மையில் யாருடைய மனைவி என்பது அவனுக்கே உறைக்கிறது. விதி ஒன்றையும் துயரம் ஒன்றையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒரு வெட்டுகூட விழாமல் படத்தின் மிகக் கொடிய காட்சியை எழுதியிருக்கிறார்கள். குர்கனாக நடிக்கும் பிரவுன் இங்கே பாதிரியாரின் கையை நக்கி, சத்தமாகச் சிரித்து, வில்லத்தனத்தைக் கோமாளித்தனத்தின் விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்துகிறார். ராமிரெஸின் வாளால் அறுபட்ட தொண்டையை ஊக்குகளால் தைத்துக்கொண்டு, கரகரத்த குரலில் திரியும் இந்தக் குர்கனை ரசிகர்கள் கானருக்கு இணையாகக் கொண்டாடுவதில் வியப்பில்லை.

கானரின் உதவியாளரான ரேச்சல் இதே இழையின் இன்னொரு நுனி. இரண்டாம் உலகப்போரின்போது நாஜிகளிடமிருந்து அவன் காப்பாற்றிய சிறுமி அவள். 1985-இல் அவன் இளைஞனாகவே இருக்க, அவள் அவனைவிட மூத்த தோற்றத்தோடு நிற்கிறாள். அந்தப் போர்க்காலக் காட்சி ஐரோப்பியப் பதிப்பில் இருந்தது. அமெரிக்கத் திரையரங்குப் பதிப்பில் வெட்டப்பட்டது. ஆகவே இந்தப் பெண் யார், ஏன் விடைபெறும்போது இப்படிக் கலங்குகிறாள் என்பது அங்கே பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. அமெரிக்கத் தோல்விக்கு இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் படத்தின் நெஞ்சில் கைவைத்த வெட்டு அது.

சிரிப்புக்கும் இடம் உண்டு. 1783-இல் பாஸ்டனில் குடித்துவிட்டுத் தள்ளாடும் கானர், தன்னைச் சவாலுக்கு அழைத்த கனவானிடம் திரும்பத் திரும்பக் குத்துப்பட்டுத் திரும்பத் திரும்ப எழுந்து நிற்கும் காட்சி, சாகாமையை வேடிக்கையாகப் பார்க்கும் ஒரே இடம்.

காட்சியும் படப்பிடிப்பும்

மல்காஹி இசைக் காணொளிகளிலிருந்து வந்தவர். 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்.டி.வி. தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது முதலில் காட்டிய, பகிள்ஸ் குழுவின் காணொளி அவர் இயக்கியதே. டுரான் டுரான் குழுவுக்கும் பல காணொளிகளை எடுத்திருந்தார். முழுநீளக் கதைப்படமாக அதற்குமுன் அவர் எடுத்திருந்தது ரேசர்பேக் (1984). காலம் விட்டுக் காலம் தாவும் ஹைலேண்டரின் கதைக்கு அவருடைய கண் பொருந்திப்போனது. நியூயார்க்கின் தரைக்கடியிலுள்ள கார் நிறுத்துமிடத்திலிருந்து கேமரா மேலே எழும்பிக் கூரையைத் துளைத்தால், வெளியே 16-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து விரிகிறது. மீன்தொட்டியின் நீர்மட்டம் ஏரியின் நீர்மட்டமாகிறது. தலைப்பில் ஆண்டைப் போட்டுக் காலத்தைச் சொல்வதைவிட, இந்தத் தாவல்கள் கானரின் மனம் வேலை செய்யும் விதத்தையே காட்டிவிடுகின்றன: அவனுக்கு நேற்றும் நானூறு ஆண்டுக்கு முந்தியதும் அடுத்தடுத்த அறைகள்.

படப்பிடிப்பு 1985-இல் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, நியூயார்க் ஆகிய இடங்களில் நடந்தது. கானரியின் காட்சிகள் ஒரு வாரத்துக்குள் முடிக்கப்பட்டன. சண்டைகளை வடிவமைத்தவர் பாப் ஆண்டர்சன். பிரிட்டனுக்காக ஒலிம்பிக் வாட்போரில் கலந்துகொண்டவர், ஸ்டார் வார்ஸ் படங்களில் டார்த் வேடரின் உடைக்குள் இருந்து வாள் சுழற்றியவர். லாம்பர்ட்டுக்குக் கடுமையான கிட்டப்பார்வை. கண்ணாடி இல்லாமல் எதிராளி மங்கலாகத் தெரியும் நிலையிலேயே பல சண்டைகளைச் செய்தார். எங்கோ தொலைவில் நிலைகுத்தியதுபோன்ற கானரின் பார்வை பார்வையாளரைக் கட்டிப்போட்டதில் அந்தக் குறைபாட்டுக்கும் பங்குண்டு. ஆங்கிலமும் அப்போது அவருக்குப் புதிது. அந்த எந்த ஊருக்கும் சேராத உச்சரிப்பு, எல்லா ஊரிலும் வாழ்ந்து அலுத்தவன் பாத்திரத்துக்குத் தற்செயலாகப் பொருந்திவிட்டது.

வரலாற்றாசிரியர் கண்ணோடு பார்த்தால் படம் தாங்காது. மக்லவுட் குலத்தின் மெய்யான தலைமையிடம் ஸ்கை தீவிலுள்ள டன்வேகன் கோட்டை. படம் கானரைப் பெருநிலத்திலுள்ள கிளென்ஃபின்னனில் பிறக்க வைக்கிறது. அவன் குலம் போருக்குப் புறப்படும் எய்லன் டோனன் கோட்டை 1719-இல் தகர்க்கப்பட்டு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் கட்டப்பட்டது. வீரர்கள் அணிவகுத்துக் கடக்கும் அந்தக் கல்பாலமும் அப்போது கட்டியதுதான். ராமிரெஸின் கட்டானா வாளைக் கி.மு. 593-இல் மசமுனே செய்ததாகப் படம் சொல்கிறது. உண்மையான மசமுனே கி.பி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த வாட்கொல்லர். ஏறத்தாழ 1,900 ஆண்டுப் பிழையை இவ்வளவு கம்பீரமாக முன்வைக்கும் படம் வேறொன்று உண்டா என்று தெரியவில்லை.

இசை

குயின் குழுவிடம் முதலில் ஒரு பாட்டுதான் கேட்கப்பட்டது. படத்தின் சில பகுதிகளைப் பார்த்த பிறகு குழுவினர் ஆளுக்கொன்றாக எழுதத் தொடங்கினர். ஹெதரின் முதுமைக் காட்சியில் ஒலிக்கும் 'ஹூ வான்ட்ஸ் டு லிவ் ஃபாரெவர்' கிதார் கலைஞர் பிரையன் மே எழுதியது. திரையிடலிலிருந்து வீடு திரும்பும் வழியில், காரிலேயே அது உருவாகத் தொடங்கியது என்று அவர் சொல்லியிருக்கிறார். தொடக்கப் பாடலான 'பிரின்சஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்' ஃப்ரெடி மெர்க்குரியுடையது. அதன் காணொளியில் லாம்பர்ட்டின் வாளும் மெர்க்குரியின் மைக் கம்பியும் மோதிக்கொள்கின்றன. இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை 1986 ஜூனில் வந்த 'எ கைண்ட் ஆஃப் மேஜிக்' தொகுப்பில் இடம்பெற்றன. அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. தனியாக ஒரு படப்பாடல் தொகுப்பு அப்போது வெளிவரவில்லை. படத்தில் கேட்ட வடிவத்தைத் தேடி ரசிகர்கள் படத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1991 நவம்பர் 24 அன்று மெர்க்குரி எய்ட்ஸ் நோயால் ஏற்பட்ட சிக்கல்களால் 45 வயதில் இறந்தார். அதன்பின் 'ஹூ வான்ட்ஸ் டு லிவ் ஃபாரெவர்' ஹெதருக்கு மட்டும் உரியதாக இல்லை. 1992 ஏப்ரலில் வெம்பிளி அரங்கில் நடந்த நினைவு இசை நிகழ்ச்சியில் பாடகர் சீல் அதைப் பாடினார். படத்தையே பார்த்திராத பலரும் அந்தப் பாடல் வழியாக ஹைலேண்டருக்கு வந்து சேர்ந்தனர்.

தொடர்ச்சிகள்

முதல் படம் கதவைச் சாத்தித் தாழும் போட்டுவிட்டது. நியூயார்க்கின் சில்வர்கப் ஸ்டுடியோவில் குர்கன் வீழ்கிறான். பரிசைப் பெறும் கானர், முதுமையடைந்து சாகக்கூடிய, பிள்ளை பெறக்கூடிய சாதாரண மனிதனாகிறான். நானூறு ஆண்டு வேட்டைக்குப் பரிசு மரணம்தான் என்ற இந்த முடிவைவிடப் பொருத்தமான முடிவு இந்தக் கதைக்கு இல்லை. வணிகத்துக்கு இதைவிட இடைஞ்சலானதும் இல்லை.

அர்ஜென்டினாவில் எடுக்கப்பட்ட ஹைலேண்டர் 2 (1991), சாவில்லாதவர்கள் சைஸ்ட் என்ற வேற்றுக் கிரகத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள் என்று விளக்கம் சொன்னது. முதல் படம் பேசாமல் விட்டது ஏன் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கியது. படத்தை முடித்துத்தரப் பிணை நின்ற நிறுவனத்தின் கையில் போன அந்தப் படத்தை மல்காஹியே பின்னர் மறுதொகுப்பு செய்து, கிரகத்தைத் தூக்கிவிட்டார். மூன்றாம் படம் (1994) இரண்டாவது நடக்கவே இல்லை என்பதுபோல் தொடங்கியது. எண்ட்கேம் (2000), தி சோர்ஸ் (2007) ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

தொலைக்காட்சித் தொடர் விதிவிலக்கு. ஏட்ரியன் பால் டங்கன் மக்லவுட்டாக நடித்த அது 1992 முதல் 1998 வரை 119 அத்தியாயங்கள் ஓடியது. வான்கூவரிலும் பாரிஸிலும் எடுக்கப்பட்டது. குர்கனோடு ஆட்டம் முடியவில்லை என்று ஒரே வரியில் முடிவை மாற்றிவிட்டு, வாரம் ஒரு சாவில்லாதவர், வாரம் ஒரு பழங்கணக்கு என்று நகர்ந்தது. சாவில்லாதவர்களை மறைவிலிருந்து கண்காணித்துக் குறிப்பெழுதும் ரகசிய அமைப்பும், 5,000 ஆண்டு வாழ்ந்தும் சண்டையை முடிந்தவரை தவிர்க்கும் மெத்தோஸும் அந்தத் தொடர் கொடுத்தவை. கதையுலகத்துக்கு முதல் படத்துக்குப் பிறகு கிடைத்த நல்ல கண்டுபிடிப்புகள் இவைதாம்.

மறுஆக்கத் திட்டம் 2008 முதல் கைமாறிக்கொண்டே இருந்தது. ஜஸ்டின் லின், ஹுவான் கார்லோஸ் ஃப்ரெஸ்னாடில்லோ, செட்ரிக் நிக்கோலா-ட்ரோயன் ஆகியோரைக் கடந்து, 2016-இல் ஜான் விக் படங்களின் இயக்குநர் சாட் ஸ்டஹெல்ஸ்கியிடம் வந்தது. 2021-இல் ஹென்றி கேவில் நாயகனாக ஒப்பந்தமானார். ராமிரெஸ் வேடத்துக்கு ரஸ்ஸல் குரோ அறிவிக்கப்பட்டார். அவர் நியூசிலாந்தில் பிறந்தவர். ராமிரெஸாக ஸ்காட்லாந்துக்காரர் நடிக்கும் வழக்கம் அத்தோடு முடிகிறது என்றால், கானரியின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.